தீயைக் கூட்டாதே, தண்ணீரை மாற்று: தகர டின்னில் ஓடும் காற்று எஞ்சின்

தகர டின்னில் நான் செய்த காற்று எஞ்சின் ஓடத் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சீராக அடித்துக்கொண்டிருந்த ரப்பர் தோல் மெல்லத் தளர்ந்தது. சக்கரம் பாதிச் சுற்றில் தயங்கி, கொஞ்சம் பின்னால் ஆடி, நின்றுவிட்டது. கீழே ஸ்பிரிட் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

“மாமா, தீ போதவில்லை. திரியை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்து விடட்டுமா?” என்றாள் தங்கை மகள். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு, விடுமுறைக்குக் கிருஷ்ணகிரிக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள்.

“தீ இருக்கிறபடியே இருக்கட்டும். டின்னின் மேல்பாதியைச் சுற்றி இருக்கும் தண்ணீரில் விரலை வைத்துப் பார்.”

வைத்தாள், உடனே எடுத்துக்கொண்டாள். அந்த நீரை ஒரு குவளையில் மொண்டு எடுத்துவிட்டு, திண்ணையில் இருந்த மண்பானையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றச் சொன்னேன். ஊற்றிவிட்டுச் சக்கரத்தை விரலால் ஒரு சுண்டு சுண்டினாள். எஞ்சின் பழையபடி ஓடியது. விளக்கை யாரும் தொடவில்லை.

அவள் முகத்தில் தெரிந்த அந்தக் குழப்பத்துக்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். தீதான் எஞ்சினை ஓட்டுகிறது என்று நம்மில் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பாதி உண்மை. எஞ்சினை ஓட்டுவது சூட்டுக்கும் குளிருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி. இடைவெளி குறைந்தால், எவ்வளவு பெரிய தீ வைத்தாலும் எஞ்சின் படுத்துவிடும். மாதிரி எஞ்சின்கள் செய்யத் தொடங்குகிற ஒருவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய பிடி இது. இதைப் புரிந்துகொண்டால் அடுத்து வரும் பல கோளாறுகளுக்கு நீங்களே காரணம் கண்டுபிடித்துவிடலாம். எஞ்சினில் மட்டும் அல்ல, பக்கத்து மேசையில் இருக்கும் மின்னணுச் சாதனங்களிலும்தான்.

ஒகேனக்கல்லில் அருவி காணாமல் போகும் நாள்

எங்கள் பக்கத்து மாவட்டமான தருமபுரியில் இருக்கும் ஒகேனக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாளில் காவிரி பாறைகளுக்கு நடுவே சரிந்து விழுகிறது. சத்தம் தொலைவிலேயே கேட்கும். ஆனால் கர்நாடகத்து அணைகள் நிரம்பிப் பெருவெள்ளம் வரும்போது என்ன ஆகிறது? அருவிகள் மூழ்கிவிடுகின்றன. தண்ணீர் பல மடங்கு அதிகம், ஆனால் விழுவதற்குப் பள்ளம் தெரிவதில்லை. கீழேயும் மட்டம் உயர்ந்துவிட்டது. மேலே எவ்வளவு தண்ணீர் வந்தாலும், கீழே இறங்க இடம் இருந்தால்தான் அது அருவி.

வெப்பமும் இப்படித்தான். சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு இறங்கும்போது, வழியில் ஒரு எந்திரத்தை வைத்து அதனிடமிருந்து வேலை வாங்குகிறோம். 1824இல் பிரெஞ்சுப் பொறியாளர் சாதி கார்னோ வெப்ப எஞ்சின்களைப் பற்றி எழுதியபோது, இந்த நீர்வீழ்ச்சி ஒப்புமையைத்தான் கையாண்டார். வெப்பம் என்றால் என்ன என்பது பற்றி அந்தக் காலத்துக் கருத்து இன்று மாறிவிட்டது. ஆனால் அவர் கண்ட விதி அப்படியே நிற்கிறது: ஒரு எஞ்சின் அதிகபட்சம் எவ்வளவு வேலை தர முடியும் என்பதைச் சூட்டுப் பக்கத்தின் வெப்பநிலையும் குளிர்ப் பக்கத்தின் வெப்பநிலையும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன.

கணக்காகவே பார்த்துவிடலாம். வெப்பநிலையைச் செல்சியஸில் எடுத்து 273ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். கெல்வின் அளவு கிடைக்கும். டின்னின் அடி 200 டிகிரி, மேல்பக்கம் 40 டிகிரி என்று வைத்துக்கொண்டால் அவை 473, 313. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 160. அதைப் பெரிய எண்ணான 473ஆல் வகுத்தால் 0.34 வருகிறது. அதாவது உள்ளே போகும் வெப்பத்தில் 34 சதவீதத்துக்கு மேல் எந்தச் சூரனாலும் வேலையாக மாற்ற முடியாது. இப்போது தங்கை மகள் கேட்டபடி தீயைக் கூட்டி அடியை 240 டிகிரிக்குக் கொண்டுபோகிறோம். தண்ணீரை மாற்றாததால் மேல்பக்கமும் 80 டிகிரிக்கு ஏறிவிடுகிறது. வித்தியாசம் அதே 160தான். ஆனால் வகுக்கும் எண் 513 ஆகிவிட்டது, விடை 0.31. ஸ்பிரிட் கூடுதலாகச் செலவழித்தும் உச்ச வரம்பு குறைந்துதான் போயிருக்கிறது.

நம் டின் எஞ்சின் இந்த வரம்பின் அருகில்கூட வராது. ஒரு சதவீதத்தைத் தொட்டாலே பெரிய செய்தி. உராய்வு, கசிவு, டின் சுவர் வழியாக நேரே மேலேறிவிடும் சூடு என்று எல்லாம் பங்கு கேட்கின்றன. அதனால்தான் வெப்ப இடைவெளியை இழக்க நமக்குக் கட்டுப்படியாகாது.

காற்றை அடைத்து வைத்து ஆட்டுவித்தல்

நான் செய்திருப்பது ஸ்டிர்லிங் வகை எஞ்சின். இதை வடிவமைத்த ராபர்ட் ஸ்டிர்லிங், ஸ்காட்லாந்தில் கிறிஸ்தவ சமயப் போதகராக இருந்தவர். 1816இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். நீராவி எஞ்சின்களின் பாய்லர்கள் வெடித்து ஆட்கள் சாவது அன்று அரிதாக இருக்கவில்லை. ஸ்டிர்லிங்கின் எஞ்சினில் பாய்லரே கிடையாது. உள்ளே இருப்பது வெறும் காற்று. மின்சாரம் வராத காலத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் சூடேறி இந்த வகையில் ஓடிய மேசை விசிறிகள் இந்தியாவிலும் புழக்கத்தில் இருந்தன. இன்று சுவீடன் நாட்டின் காட்லாண்ட் வகை நீர்மூழ்கிக் கப்பல்களில் இதன் பெரிய வாரிசு ஓசையில்லாமல் வேலை செய்கிறது.

உள்ளே நடப்பது எளிமையானது. மூடிய பாத்திரத்தில் இருக்கும் காற்றைச் சூடாக்கினால் அழுத்தம் ஏறும், ஆறவிட்டால் இறங்கும். பெங்களூரிலிருந்து நம் ஊர் வழியாகச் சென்னைக்குப் போகும் லாரி ஓட்டுநர்களுக்கு இது தெரியும். நெடுந்தூரம் ஓடிய டயரில் உடனே காற்று அளந்தால் கூடுதலாகக் காட்டும். ஆறிய பிறகு அளந்தால்தான் சரியான அளவு. அறை வெப்பநிலையில் இருக்கும் காற்று ஒவ்வொரு டிகிரி சூடேறும்போதும் அழுத்தம் ஏறத்தாழ முந்நூற்றில் ஒரு பங்கு கூடுகிறது. 60 டிகிரி ஏறினால் ஐந்தில் ஒரு பங்கு.

அது எவ்வளவு பலம்? நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்கு 200 கிராம். மூன்று சென்டிமீட்டர் விட்டமுள்ள ரப்பர் தோலின் பரப்பு 7 சதுர சென்டிமீட்டர். பெருக்கினால் 1.4 கிலோ. நிஜத்தில் காற்று முழுவதும் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது, கசிவும் இருக்கும். ஆகவே அதில் ஒரு சிறு பங்குதான் கைக்கு வரும். ஆனாலும் நூறு இருநூறு கிராம் கிடைத்தால் ஒரு சைக்கிள் கம்பியையும் மூன்று பழைய சிடி தட்டுகளையும் சுழற்ற அது தாராளம்.

சிக்கல் எங்கே என்றால், காற்றைச் சூடாக்கி ஒரு முறை தள்ளவைத்த பிறகு அதை ஆறவைத்தாக வேண்டும். இல்லையென்றால் ரப்பர் தோல் வெளியே உப்பியபடியே நின்றுவிடும். நிமிடத்துக்கு நூற்றைம்பது முறை விளக்கை ஏற்றி அணைக்க முடியுமா? ஸ்டிர்லிங் வகை எஞ்சினில் தீ ஓரிடத்தில், தண்ணீர் ஓரிடத்தில், இரண்டும் அசைவதில்லை. காற்றைத்தான் இங்கும் அங்கும் துரத்துகிறோம்.

துரத்தும் வேலையைச் செய்வது டிஸ்பிளேசர் என்ற உருளை. பெரிய டின்னுக்குள் அதைவிடச் சிறிய டின் ஒன்று தளர்வாகத் தொங்குகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் சந்து. சிறிய டின் மேலே போனால், மேலே இருந்த காற்று சந்து வழியாகக் கீழே இறங்கி, விளக்கால் சூடேறிய அடிப்பக்கத்துக்குப் போகிறது: சூடாகிறது, அழுத்தம் ஏறுகிறது. சிறிய டின் கீழே வந்தால் காற்று மேலே ஓடி, தண்ணீர் சூழ்ந்த பக்கத்தில் ஆறுகிறது: அழுத்தம் இறங்குகிறது. கவனியுங்கள், டிஸ்பிளேசர் பிஸ்டன் அல்ல. அது காற்றை இறுக்குவதில்லை, காற்று அதைத் தள்ளுவதும் இல்லை. திண்ணையில் கூட்டமாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவே ஒருவர் நகர்ந்து உட்கார்ந்தால் மற்றவர்கள் இந்தப் பக்கம் வந்துவிடுவார்களே, அதுபோல இடம் மாற்றிவிடுகிறது, அவ்வளவுதான். அதனால் அதை அசைக்க மிகக் குறைந்த பலமே போதும்.

வேலை செய்வது பக்கவாட்டில் இருக்கும் ரப்பர் தோல். அழுத்தம் ஏறும்போது வெளியே உப்புகிறது. இறங்கும்போது வெளிக்காற்று அதை உள்ளே அமுக்குகிறது. ஆக, பாதி வேலையைச் சூடு செய்கிறது, மறுபாதியைக் குளிர் செய்கிறது. “தண்ணீர் சும்மா குளிரவைப்பதற்குத்தானே?” என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன். அந்தப் பாத்திரமும் விளக்கைப் போலவே எஞ்சினின் ஒரு கை.

90 டிகிரி என்பது எங்கிருந்து வந்தது

புதிதாகச் செய்பவர்கள் இடறி விழும் இடம் இது. டிஸ்பிளேசரும் ரப்பர் தோலும் ஒரே கிராங்க் கம்பியில், அதாவது மேலும் கீழுமான அசைவைச் சுழற்சியாக மாற்றும் வளைந்த கம்பியில், இணைந்திருக்கின்றன. அந்தக் கம்பியில் இரண்டு வளைவுகள். ஒன்றுக்கொன்று 90 டிகிரி கோணத்தில் இருக்க வேண்டும். “ஏன்” என்று தெரியாமல் வளைத்தால் கை தவறும்போது திருத்தத் தெரியாது.

ஊஞ்சலில் குழந்தையை ஆட்டுகிறீர்கள். எப்போது தள்ளுவீர்கள்? ஊஞ்சல் உங்களிடமிருந்து விலகி வேகமாகப் போகும்போது. அது உச்சியில் நின்று திரும்பும் கணத்தில் மட்டும் அழுத்திப் பிடித்திருந்தால், போகும்போது கொடுத்ததை வரும்போது பறித்துவிடுவீர்கள். ரப்பர் தோலுக்கும் அதே நியாயம். உள்ளே அழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது தோல் பாதிவழியில், வெளியே போகும் ஓட்டத்தில் இருக்க வேண்டும். அழுத்தம் மிகக் குறைந்திருக்கும்போது உள்ளே வரும் ஓட்டத்தில் பாதிவழியில் இருக்க வேண்டும். டிஸ்பிளேசர் உச்சியில் இருக்கும்போதுதான் காற்று முழுவதும் சூட்டுப் பக்கம் இருக்கிறது, அழுத்தமும் அப்போதுதான் அதிகம். ஆகவே டிஸ்பிளேசர் உச்சியில், தோல் நடுவில். அதாவது டிஸ்பிளேசர் தோலைவிடக் கால் சுற்று முந்திப் போக வேண்டும். கால் சுற்று என்றால் 90 டிகிரி. 80 ஆனாலும் 100 ஆனாலும் எஞ்சின் ஓடும். இரண்டு வளைவும் ஒரே பக்கம் பார்த்தாலோ நேரெதிரே பார்த்தாலோ ஓடவே ஓடாது.

இதிலிருந்தே இன்னொன்றும் புரியும். இந்த எஞ்சின் ஒரே திசையில்தான் சுழலும். எதிர்த் திசையில் சுண்டிவிட்டால், ஓரிரண்டு சுற்றுக்குப் பிறகு முரண்டு பிடித்து நிற்கும். “ஓடவில்லை” என்று என்னிடம் கொண்டுவரப்பட்ட எஞ்சின்களில் ஒன்று, திசை மாற்றிச் சுண்டியதும் ஓடியது. செய்த பையன் ஒரு வாரம் தூங்கவில்லையாம். தீயே இல்லாமல் இதே அமைப்பை மோட்டாரால் சுழற்றினால் ஒரு முனை குளிரத் தொடங்கும். கடுங்குளிர் உண்டாக்கும் எந்திரங்கள் சில இந்த முறையில் இயங்குகின்றன. அகச்சிவப்புக் கேமராக்களின் சென்சாரைக் குளிரவைக்கவும் இது பயன்படுகிறது.

என்னென்ன வேண்டும், எங்கே கவனம்

வெளி உடலுக்குச் சத்துமாவு அல்லது பால்பவுடர் வரும் தகர டின் போதும். துத்தநாகம் பூசிய தகடு வேண்டாம். தீயில் சுட்டால் வரும் புகை உடம்புக்குக் கேடு. டிஸ்பிளேசருக்கு அதைவிட விட்டத்தில் நான்கு முதல் ஆறு மில்லிமீட்டர் குறைந்த, மெல்லிய டின். உயரம் வெளி டின்னில் மூன்றில் இரண்டு பங்கு. இதைத் தொங்கவிடத் தூண்டில் நரம்பு மிகப் பொருத்தம். மேல்மூடியில் குண்டூசியால் துளையிட்டு நரம்பைக் கோத்து, ஒரு சொட்டு கிரீஸ் வைத்தால் காற்றும் கசியாது, உராய்வும் இருக்காது. மேல்பாதியைச் சுற்றித் தண்ணீர் நிற்க ஒரு வளையக் கிண்ணம். பக்கத்தில் துளையிட்டு அரை அங்குல பிவிசி எல்போ ஒன்றை எம்சீல் வைத்து ஒட்டி, அதன் வாயில் பலூன் ரப்பரைக் கட்டினால் அதுதான் நம் பிஸ்டன். வாய் அகலம் போதாவிட்டால் ஒரு பாட்டில் மூடியை நடுவில் துளைத்து முன்னால் ஒட்டிக்கொள்ளலாம். ரப்பரை இறுக்கி இழுத்துக் கட்டாதீர்கள், தொளதொளவென்று இருக்கட்டும். முரசுத் தோல் போல இறுக்கினால் கிடைக்கும் பலமெல்லாம் ரப்பரை நீட்டவே போய்விடும்.

கிராங்குக்குச் சைக்கிள் சக்கரக் கம்பி, அதாவது ஸ்போக்ஸ். இரண்டு மில்லிமீட்டர் தடிமன், நேராக இருக்கும், எளிதில் துருப்பிடிக்காது, சைக்கிள் கடையில் கேட்டாலே கிடைக்கும். டிஸ்பிளேசருக்கான வளைவு 10 மில்லிமீட்டர், ரப்பர் தோலுக்கான வளைவு 4 அல்லது 5 மில்லிமீட்டர் என்று தொடங்குங்கள். கிராங்கைத் தாங்கும் துளைகளைக் கொஞ்சம் தாராளமாகவே போடுங்கள். எங்கள் தெரு முனையில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் என் முதல் கிராங்கைக் கையில் வாங்கி, உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, இது பட்டறை வேலை இல்லை. இறுக்கமாக இருந்தால் அழகு, தளர்வாக இருந்தால்தான் ஓட்டம்.” ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பிசகாமல் உதிரிபாகம் கடைந்து கொடுப்பவர் அவர். அவர் சொன்னதால் நம்பினேன்.

அடித்தளத்துக்கு எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. கிரானைட் அறுக்கும் இடங்களில் மூலை உடைந்த துண்டுகள் கிடைக்கும். மெருகேற்றிய முகம் கண்ணாடி போல மட்டமாக இருக்கும், கனமும் உண்டு. பலகைமேல் வைத்தால் நடுங்கும் எஞ்சின், கிரானைட் மேல் அசையாமல் நிற்கிறது. ஆனால் கல் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் என்பதை மறக்காதீர்கள். இந்த ஊரைச் சுற்றி நிற்கும் பாறைக் குன்றுகள் மே மாதத்தில் இரவு வெகுநேரம் வரை அனல் விடுவதை உணர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. விளக்குக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு ஓட்டுத் துண்டு வையுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். வெயிலில் ஸ்பிரிட் சுடர் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து விளக்கில் ஸ்பிரிட் ஊற்றியவர்கள் கை வெந்திருக்கிறது. முழுவதும் அணைத்து, ஆறவிட்டு, பிறகுதான் ஊற்ற வேண்டும். அடுத்தது, மின்னணு வேலைக்கு நாம் பயன்படுத்தும் ஈயமும் வெள்ளீயமும் கலந்த சால்டர் 190 டிகிரிக்குள் உருகிவிடும். டின்னின் அடிப்பக்க இணைப்பைச் சால்டரால் பற்றவைத்துவிட்டு, தீயைக் கூட்டிக்கொண்டே போனால் அடி கழன்று விழும். அடி மடிப்புத் தொழிற்சாலையிலேயே அழுத்தி மூடப்பட்ட டின்னாகப் பார்த்து எடுங்கள். சால்டர் வேலையெல்லாம் தண்ணீர்ப் பக்கத்தோடு நிற்கட்டும்.

அளந்து பார்த்தால்தான் நம்பிக்கை வரும்

“தண்ணீர் சூடாவதால்தான் நிற்கிறது என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்?” என்று தங்கை மகள் மறுநாள் கேட்டாள். நல்ல கேள்வி. அளந்தோம்.

சிடி சக்கரத்தின் ஓரத்தில் ஒரு சிறிய காந்தம். அது கடந்துபோகும் இடத்தில் ஏ3144 என்ற ஹால் சென்சார். காந்தம் எதிரே வரும்போதெல்லாம் சென்சார் ஒரு துடிப்புத் தரும். இது காந்தத்தின் ஒரு முனையை மட்டும்தான் உணரும்; ஒன்றும் வரவில்லையென்றால் காந்தத்தைத் திருப்பி ஒட்டிப் பாருங்கள். தண்ணீரில் டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார், நீர் புகாத உறை போட்டது. அதன் தகவல் கம்பிக்கும் 5 வோல்ட் கம்பிக்கும் இடையில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று கட்டாயம். இரண்டும் ஆர்டுயினோ நானோ என்ற குட்டிக் கணினிப் பலகைக்குப் போகின்றன. ஒரு விநாடிக்கு எத்தனை துடிப்பு என்று எண்ணாதீர்கள். மெதுவாக ஓடும் எஞ்சினில் இரண்டா மூன்றா என்பதிலேயே பெரும்பிழை வந்துவிடும். இரண்டு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தை மில்லிவிநாடியில் அளந்து, 60,000ஐ அதனால் வகுங்கள். 400 மில்லிவிநாடி என்றால் நிமிடத்துக்கு 150 சுற்று.

இங்கேதான் அடுத்த பாடம் காத்திருந்தது. பைக்கின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து, வோல்டேஜைக் குறைத்துச் சீராக வைக்கும் 7805 ரெகுலேட்டர் சில்லு வழியாக 5 வோல்ட் எடுத்து, நானோ, டிஸ்பிளே, தண்ணீர்க் கிண்ணத்துக்கு நேரே ஒரு குட்டி விசிறி என்று எல்லாவற்றையும் இணைத்தேன். டிஸ்பிளே சிறிது நேரம் எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது, மறுபடி அணைந்தது. இணைப்பு தளர்ந்திருக்கிறதோ என்று ஒவ்வொரு கம்பியாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் 7805இன் முதுகை விரலால் தொடப் போனாள். தொடும் முன்பே அனல் அடித்தது. “மாமா, இதற்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும் போலிருக்கிறது” என்றாள்.

சரியாகச் சொன்னாள். 7805 மீதி வோல்டேஜைச் சூடாக்கித்தான் கழிக்கிறது. 12இலிருந்து 5 போக மீதி 7 வோல்ட். ஓடும் கரண்ட் 0.3 ஆம்பியர்; பெருக்கினால் 2.1 வாட். தனியாக நிற்கும் அந்தச் சிறிய சில்லு ஒரு வாட்டுக்குச் சுமார் 50 முதல் 65 டிகிரி வரை சூடேறும். ஆக, மே மாதத்து அறைச் சூட்டுக்கு மேல் நூறு டிகிரிக்கும் அதிகம். உள்ளே இருக்கும் பாதுகாப்பு அமைப்பு தானாக அணைத்துவிடுகிறது, ஆறியதும் திறக்கிறது. சில்லு கெட்டுப்போகவில்லை, வெப்பம் வெளியேற வழி இல்லாமல் திணறுகிறது. சூட்டை வெளியேற்றும் அலுமினியத் தகடான ஹீட் சிங்க் ஒன்றை முதுகில் திருகியதும் டிஸ்பிளே நிலையாக நின்றது. சூட்டையே தவிர்க்க வேண்டுமென்றால் எல்எம்2596 போன்ற பக் கன்வர்ட்டர் போடலாம். அது மீதியை எரிக்காமல், விட்டு விட்டு எடுத்துச் சமன் செய்கிறது.

நானோவிலிருந்து வரும் எண்களைப் பதிவு செய்ய 2 ஜிபி நினைவகம் கொண்ட பழைய லேப்டாப். வீட்டில் யாரும் சீண்டாமல் கிடந்தது. அதில் டெபியன் லினக்ஸும் எல்எக்ஸ்கியூடி என்ற எடை குறைந்த டெஸ்க்டாப்பும் போட்டிருக்கிறேன். டெஸ்க்டாப் என்றால் நாம் கண்ணால் காணும் மேல்பூச்சு: ஜன்னல்கள், கீழ்ப்பட்டை, மெனு, கோப்பு மேலாளர். லினக்ஸில் இந்த மேல்பூச்சை மட்டும் தனியாகக் கழற்றி மாற்றலாம். எல்எக்ஸ்கியூடியைப் போலவே எக்ஸ்எஃப்சிஇயும் இந்த வேலைக்கு நன்று. பின்னணியில் ஓடும் வேலைகள் குறைவதால், சும்மா இருக்கும்போது அரை ஜிபி அளவில் நினைவகம் எடுத்துக்கொண்டு பிராசஸர் ஓய்வாக இருக்கிறது, விசிறியும் இரைவதில்லை. தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் கணினிக்கு இது சின்ன விஷயம் அல்ல. பழைய லேப்டாப்புகள் மந்தமாவதற்குச் சூடும் ஒரு காரணம். வெப்பம் வெளியேறாதபோது பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. மென்பொருளை மாற்றும் முன் விசிறி வாயில் அடைத்திருக்கும் தூசியை ஒரு பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

நானோவைச் செருகியதும் “அனுமதி இல்லை” என்று லினக்ஸ் மறுத்தால் பயப்பட வேண்டாம். உங்கள் பயனர் பெயரை டயல்அவுட் என்ற குழுவில் சேர்த்துவிட்டு, வெளியேறி மீண்டும் உள்ளே வந்தால் போதும். விநாடிக்கு ஒரு வரியாக நேரம், சுற்று, வெப்பநிலை என்று பதிவு செய்ய பைத்தான் நிரல்மொழியில் பத்துப் பன்னிரண்டு வரி. வரைபடத்துக்கு க்னூபிளாட்.

அன்று மாலை அரை மணி நேரம் எஞ்சினை ஓட்டி வரைந்த படத்தை அறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். தண்ணீரின் கோடு நிதானமாக மேலேறுகிறது. சுற்றின் கோடு அதே நிதானத்தில் சரிகிறது. இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு விலகி, ஓரிடத்தில் தண்ணீர்க் கோடு சடாரென்று கீழே விழுகிறது. சுற்றின் கோடு எழுகிறது. பிறகு மறுபடி முதலிலிருந்து. இதே எஞ்சினை ஒரு நண்பர் ஓசூருக்கு எடுத்துப்போய் டிசம்பர் காலையில் ஓட்டினார். சுமார் ஐம்பது கிலோமீட்டர்தான், ஆனால் ஊர் மேட்டில் இருப்பதால் குளுமை வேறு. அங்கே எடுத்த படத்தில் சரிவு மிக மெதுவாக இருக்கிறது. தண்ணீரை மாற்ற வேண்டிய தேவையே அன்று வரவில்லை.

தங்கை மகள் இப்போது அடுத்த எஞ்சினைத் தொடங்கிவிட்டாள். டிஸ்பிளேசருக்குத் தகர டின்னுக்குப் பதிலாகப் பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரை உருட்டி வைக்கிறாள். காற்று சூட்டுப் பக்கத்திலிருந்து ஏறும்போது அந்த நார் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு, இறங்கும்போது திருப்பிக் கொடுக்கும். தண்ணீருக்குப் போய் வீணாகும் சூடு குறையும். ரீஜெனரேட்டர் என்று பெயர். 1816இல் ஸ்டிர்லிங் காப்புரிமையில் முதன்மையாகக் கேட்டது இதைத்தான். அவள் கணக்குப்படி தண்ணீர்க் கோடு முன்பைவிடத் தாமதமாக ஏற வேண்டும். சுவரில் பழைய படத்துக்குப் பக்கத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறாள்.